உறைபனியைத் தாங்கும் கான்கிரீட் முற்றம்: முதன்முறை போடுவோருக்கு ஒரு விளக்கம்

வீட்டை ஒட்டித் திறந்த வெளியில் போடப்படும் கான்கிரீட் தளம், கட்டட வேலைகளிலேயே மிக எளிமையானதாகத் தோன்றும். சுவர் இல்லை, கூரை இல்லை, சுமையும் பெரிதாக இல்லை. ஒரு மேசையையும் நான்கு நாற்காலிகளையும் தாங்கினால் போதும். ஆயினும், குளிர்காலத்தில் நிலம் உறைந்துபோகும் பகுதிகளில், வீட்டுக்குள் பல பத்தாண்டுகள் அசையாமல் கிடக்கும் அதே கான்கிரீட், வெளியே மூன்று நான்கு குளிர்காலங்களுக்குள் மேல்தோல் உரிந்து, மூலை தூக்கி, நடுவே பிளந்து நிற்பதைக் காணலாம். பழியெல்லாம் குளிரின் மேல் விழுகிறது. உண்மையில், உலர்ந்த கான்கிரீட்டைக் குளிர் ஒன்றும் செய்துவிடுவதில்லை. அதை உடைப்பது அதற்குள்ளும் அதற்கு அடியிலும் தங்கிவிட்ட தண்ணீர். எனவே, பள்ளம் தோண்டுவது முதல் இறுதிப்பூச்சு வரை ஒவ்வொரு கட்டத்திலும் "இங்கே தண்ணீர் எங்கே தங்கும், எந்த வழியாக வெளியேறும்" என்று கேட்டுக்கொண்டே வேலை செய்பவருக்கு, கீழே வரும் விதிகளில் பெரும்பாலானவை தாமாகவே புரிந்துவிடும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் தண்ணீர்

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. கண்ணாடிக் குப்பியில் நீரை விளிம்புவரை நிரப்பி, மூடி, உறைபெட்டியில் மறந்துவிட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கான்கிரீட் கல்லைப் போலத் தெரிந்தாலும், அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பின்னிக் கிடக்கின்றன. அத்துளைகள் பாதி காலியாக இருந்தால், உறையும் நீர் விரிவதற்கு இடம் இருக்கும். 91 அல்லது 92 விழுக்காட்டுக்கு மேல் நிறைந்துவிட்டால் இடம் இல்லை, அழுத்தம் கான்கிரீட்டின் மேல் பாய்கிறது. ஒரே ஒரு முறை உறைந்தால் பெரிய சேதம் வராமல் போகலாம். பகலில் உருகி, இரவில் உறைந்து, மறுபடி உருகும் சுழற்சிதான் ஆபத்தானது, ஏனெனில் ஒவ்வொரு உருகலும் புதிய நீரை உள்ளே அனுப்புகிறது, ஒவ்வொரு உறைவும் விரிசலைச் சற்று அகலப்படுத்துகிறது. மாதக்கணக்கில் கடுங்குளிரிலேயே கிடக்கும் இடங்களைவிட, பூச்சிய டிகிரிக்கு மேலும் கீழுமாக அடிக்கடி ஊசலாடும் இடங்களில் தளங்கள் விரைவாகக் கெடுவதற்கு இதுவே காரணம்.

அந்த நுண்துளைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிந்துகொள்வது முக்கியம். சிமெண்ட் உலர்வதால் கெட்டிப்படுவதில்லை. தண்ணீருடன் வேதிவினை புரிந்து கெட்டிப்படுகிறது. அந்த வினை முழுமையடையத் தேவைப்படும் தண்ணீர், சிமெண்டின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காட்டில் அடங்கிவிடும். அதற்கு மேல் ஊற்றப்படும் ஒவ்வொரு லிட்டரும், கலவை இளகி ஓடுவதற்கு உதவிவிட்டுப் பின்னர் வெளியேறும்போது, தான் இருந்த இடத்தை ஒன்றோடொன்று இணைந்த மெல்லிய குழாய்களாக விட்டுச்செல்கிறது. உருகிய பனி பிற்பாடு உள்ளே நுழைவது அக்குழாய்களின் வழியாகத்தான்.

எனவேதான் உறைபனியும், பனியை உருக்கத் தூவும் உப்பும் சேர்ந்து தாக்கும் தளங்களுக்கு, தண்ணீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்கைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பியத் தரநிலையான இஎன் 206 பரிந்துரைக்கிறது. கனடாவின் தரநிலையும் இத்தகைய வெளிப்புறத் தளங்களுக்கு அதே 0.45 வரம்பையும், 28 நாளில் 32 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும் வலிமையையும் கேட்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தளத்துக்கு 2 கனமீட்டர் கான்கிரீட் வேண்டும். கனமீட்டருக்கு 340 கிலோ சிமெண்ட் என்றால், 0.45 விகிதத்தில் 153 லிட்டர் தண்ணீர்தான் செல்லும், அதிலும் ஈர மணல் கொண்டுவரும் நீர் சேர்த்தி. கலவை கெட்டியாக இருக்கிறது, இழுத்துப் பரப்ப முடியவில்லை என்று யாரோ குழாயைத் திறந்து கனமீட்டருக்கு 20 லிட்டர் சேர்த்தால், விகிதம் 0.51 ஆகிவிடுகிறது. அன்றைக்குக் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. வேலையும் சுலபமாகவே முடியும். அதனால்தான் இந்தத் தவறு ஓயாமல் நடக்கிறது. இளக்கம் கட்டாயம் வேண்டுமென்றால், தண்ணீருக்குப் பதிலாக, கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துத் தரும்படி கலவை நிலையத்தில் முன்கூட்டியே கேட்பதே முறை.

தண்ணீரைக் குறைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, கலவைக்குள் வேண்டுமென்றே காற்றைச் சேர்ப்பது. சோப்பு நுரையைப் போலச் செயல்படும் ஒரு திரவத்தைச் சிறிதளவு சேர்த்தால், கலவை முழுவதும் கோடிக்கணக்கான நுண்குமிழிகள் உருவாகி, கான்கிரீட் இறுகும்போது அப்படியே சிறைப்படுகின்றன. இவை, நீர் உறிஞ்சும் குழாய்களைப் போல ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே நிற்பதால் எளிதில் நீரால் நிரம்புவதில்லை. அருகிலுள்ள துளையில் நீர் உறைந்து விரியும்போது ஒதுங்குவதற்கு ஓர் அறையாகப் பயன்படுகின்றன. இதற்குக் குமிழிகள் மிகச் சிறியனவாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும்: சிமெண்ட் பசையின் எந்தப் புள்ளியிலிருந்தும் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டருக்குள் ஒரு குமிழி கிடைக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 20 மில்லிமீட்டர் ஜல்லி போட்ட கலவையில் மொத்தப் பருமனில் 5 முதல் 8 விழுக்காடு காற்று இருந்தால் இது கைகூடும்.

இந்த உத்தி யாரோ திட்டமிட்டுக் கண்டுபிடித்ததன்று என்பது சுவையான செய்தி. 1930களில் அமெரிக்காவில் சில கான்கிரீட் சாலைகள் மட்டும் பனிக்கும் உப்புக்கும் அசையாமல் நிற்பதைக் கவனித்து ஆராய்ந்தபோது, அவற்றுக்கான சிமெண்டை அரைக்கையில் மாட்டுக்கொழுப்புப் போன்ற பொருள்கள் சேர்க்கப்பட்டிருந்ததும், அவை கலவையில் நுண்குமிழிகளை உண்டாக்கியிருந்ததும் தெரியவந்தன. குமிழிகள் ஏன் காக்கின்றன என்ற விளக்கத்தை டி. சி. பவர்ஸ் 1940களில் உருவாக்கினார். காற்றுச் சேர்வதால் வலிமை ஓரளவு குறையும். ஒரு விழுக்காடு காற்றுக்குச் சுமார் 5 விழுக்காடு வலிமை என்று கணக்கிடுவார்கள். முற்றத்துத் தளத்துக்கு அந்த இழப்பு பொருட்டே அல்ல.

நுண்குமிழிகள் சீராக அமைய இயந்திரக் கலப்பும் சரியான அளவும் தேவை. மண்வெட்டியால் புரட்டிப் போடும் கலவையில் அவை நம்பத்தகுந்த அளவில் உண்டாவதில்லை. தவிர, மேலே சொன்ன 2 கனமீட்டர் என்பது கிட்டத்தட்ட 4.7 டன் எடை. இத்தகைய தளத்தைக் கையால் கலந்து போடும் முயற்சியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வண்டியில் வரும் கலவையை வாங்கும்போது, உறைபனிக்கு உட்படும் வெளித்தளம் என்பதையும், காற்றேற்றிய கான்கிரீட் வேண்டும் என்பதையும் வாயால் சொல்லி நிறுத்தாமல், விநியோகச் சீட்டில் அவ்வாறே எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தளத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர்

மூலை தூக்குவதும் தளம் குறுக்கே பிளப்பதும் பெரும்பாலும் கான்கிரீட்டின் குற்றம் அல்ல, அதன் கீழுள்ள மண்ணின் வேலை. மண்ணிலுள்ள நீர் 9 விழுக்காடு விரிவதால் தரை உயர்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தக் கணக்கு, குளிர்காலத்தில் தரை பல சென்டிமீட்டர் எழும்புவதை விளக்கப் போதாது. 1930இல் அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர், உறையும்போது விரியாமல் சுருங்கும் பென்சீனை மண்ணில் நிரப்பி உறையவைத்துப் பார்த்தார். அப்போதும் மண் மேலெழுந்தது. நடப்பது என்னவென்றால், மேலிருந்து இறங்கும் உறைமுனை, அதாவது உறைந்த மண்ணின் கீழ் எல்லை, ஓரிடத்தில் நிற்கும்போது, அங்கே உருவாகும் பனிப்படலம், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதைப் போலக் கீழுள்ள ஈரமண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே பருக்கிறது. வில்லை வில்லையாக வளரும் அந்தப் பனி, தனக்கு மேலிருக்கும் எதையும் தூக்கிவிடும். 100 மில்லிமீட்டர் கான்கிரீட் அதற்கு ஒரு சுமையே அல்ல.

இது நடக்க உறைகுளிர், நீர், நீரைத் திரிபோல் இழுக்கும் நுண்மண் ஆகிய மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும். குளிரை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் மாற்றலாம். வண்டல் மண்தான் இதில் மிக மோசமானது. களிமண்ணும் தொல்லை தருவதே. உடைகல்லில் இடைவெளிகள் பெரியனவாக இருப்பதால் நீர் மேலேறுவதில்லை, கீழே வடிந்துவிடுகிறது. ஆகவே, புல்லும் வேரும் கலந்த மேல்மண்ணை முழுவதும் அகற்றி, தளத்தின் தடிமனோடு கூடுதலாக 150 முதல் 200 மில்லிமீட்டர் ஆழம் தோண்டி, அந்த இடத்தை உடைகல்லால் நிரப்ப வேண்டும். அடியில் களிமண்ணோ வண்டலோ இருந்தால், கல் மண்ணுக்குள் புதையாமலும் மண் கல்லுக்குள் ஏறாமலும் இருக்க, ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் பிரிப்புத் துணியை முதலில் விரிப்பது நல்லது. உருண்டைக் கூழாங்கல் இறுகாது. முனையுள்ள உடைகல்லே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அதையும் ஒரே தடவையாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பகுதி தளர்வாகவே நிற்கும் என்பதால், 75 முதல் 100 மில்லிமீட்டர் அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வுத் தட்டு இயந்திரத்தால் தனித்தனியே இறுக்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. களிமண்ணில் தோண்டிய பள்ளம் ஒரு தொட்டி. அதைக் கல்லால் நிரப்பினாலும் அது கல் நிறைந்த தொட்டியே. நாலாபுறத்து நீரும் அதில் வந்து சேர்ந்து நிற்கும். எனவே தளத்தின் மேற்பரப்புக்கு மட்டுமன்றி, தோண்டிய பள்ளத்தின் அடிக்கும் வாட்டம் கொடுத்து, தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட வடிகுழாய் வைத்து நீரை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். மேற்பரப்பின் வாட்டம், வீட்டிலிருந்து விலகும் திசையில் மீட்டருக்கு 20 மில்லிமீட்டர். 4 மீட்டர் அகலத்துக்கு 80 மில்லிமீட்டர் இறக்கம். இது அதிகம் என்று தோன்றலாம், நாற்காலி சாயுமோ என்று அஞ்சலாம். உட்கார்பவருக்கு அது தெரியாது. மழை முடிந்த பத்தாவது நிமிடத்தில் தளத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டின் அடித்தளம் உறையும் ஆழத்துக்குக் கீழே நிற்பதால் அசையாது. முற்றத்துத் தளமோ எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பருவத்துக்குப் பருவம் ஒரு துளி ஏறி இறங்கத்தான் செய்யும். அசைவதையும் அசையாததையும் கம்பியால் பிணைத்தால் இரண்டில் ஒன்று உடையும். எனவே வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் இடையில், தளத்தின் முழு ஆழத்துக்கும் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள அமுங்கும் பட்டையை வைத்துப் பிரித்து, மேலே நெகிழும் தன்மையுள்ள அடைப்பானால் மூடிவிட வேண்டும். தூண், படிக்கட்டு போன்ற நிலையான எதைத் தளம் தொட்டாலும் இதே ஏற்பாடுதான்.

விரிசலைப் பொறுத்தவரை, அதைத் தடுப்பதைவிட அதற்கு ஓர் இடம் காட்டுவதே நடைமுறை. கான்கிரீட் சுருங்கியே தீரும். 100 மில்லிமீட்டர் தளத்தில் இரண்டரை முதல் 3 மீட்டருக்கு ஒரு முறை, தடிமனில் கால்பங்கான 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுக்கோடு போட்டால், விரிசல் அக்கோட்டுக்கு அடியில் நேராக ஒளிந்துகொள்ளும். கட்டங்கள் கூடியவரை சதுரமாக இருக்கட்டும். நம் 5க்கு 4 மீட்டர் தளத்தை நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டினால் இரண்டரைக்கு 2 மீட்டரில் நான்கு கட்டங்கள் கிடைக்கும். இரும்பு வலையோ கம்பியோ விரிசலைத் தடுக்காது, விரிந்த இரு பக்கங்களையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும்; அதற்கும் அது தாங்குகட்டைகளின் மேல் தளத்தின் நடுவிலோ சற்று மேலாகவோ நிற்க வேண்டும். தரையில் கிடக்கும் வலை யாருக்கும் பயனில்லை.

ஊற்றும் நாள்

அடைப்புப் பலகைகளுக்கிடையே கலவையைக் கொட்டிப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, நீண்ட கைப்பிடியுள்ள தேய்ப்புக் கட்டையால் ஒருமுறை சமன் செய்ததும், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நேரம் வருகிறது. ஜல்லியும் மணலும் அமிழ, கலவையிலுள்ள நீரில் ஒரு பகுதி மேலே ஊறிவரும். தளம் ஈரக்கண்ணாடிபோல் மினுங்கும். அந்த மினுக்கம் இருக்கும்வரை எந்தக் கருவியும் படக்கூடாது. காற்றேற்றிய கலவையில் இப்படி ஊறும் நீர் குறைவு, வெயிலும் காற்றும் இருந்தால் அது உடனுக்குடன் காய்ந்தும் போகும் என்பதால், மினுக்கத்தை மட்டும் நம்பாமல் பாதத்தையும் வைத்துப் பார்ப்பது வழக்கம்: செருப்புத் தடம் சுமார் 6 மில்லிமீட்டர் மட்டுமே பதிந்தால் வேலையைத் தொடங்கலாம்.

காத்திருக்க முடியாமல் அந்த நீரைத் திரும்பக் கான்கிரீட்டுக்குள்ளேயே தேய்ப்பதும், விரைவில் உலரட்டும் என்று மேலே சிமெண்ட் பொடி தூவுவதும், இறுகிவிட்டது என்று தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும் ஒரே தவறின் மூன்று வடிவங்கள். இவை தளத்தின் மேல் சில மில்லிமீட்டரை மட்டும் உட்பகுதியிலிருந்து வேறான ஒரு பலவீனமான தோலாக்கிவிடுகின்றன. இரும்புக் கரணையால் பளபளப்பாக இழைப்பதும் வெளித்தளத்துக்கு ஆகாது. அது மேற்பரப்பிலிருந்த காற்றுக் குமிழிகளை அழித்து, கீழிருந்து வரும் நீருக்கு மூடியும் போட்டுவிடுகிறது. நான் முதன்முதலில் துணைநின்று போட்ட தளம் இதற்குச் சாட்சி. கண்ணாடிபோல் இழைத்த பெருமையில் அன்று படம்கூட எடுத்துக்கொண்டோம். இரண்டாம் குளிர்காலம் முடிந்தபோது, நகத் தடிமனில், உள்ளங்கை அகலத்தில் செதில்கள் தூக்கி நின்றன. ஒன்றை எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் வழவழவென்று இருந்தது, அடிப்பக்கம் சாம்பல் நிறப் பொடியாக விரலில் ஒட்டியது. அது இருந்த இடத்தில் ஜல்லியின் தலைகள் தெரிந்தன. உட்பகுதிக் கான்கிரீட்டில் ஒரு குறையும் இல்லை. மரத்தாலோ மெக்னீசியத்தாலோ ஆன கட்டையால் தேய்த்து, துடைப்பத்தால் வாட்டத்தின் திசையிலேயே கோடிழுத்து விட்டிருந்தால் போதுமானது. நீரும் அக்கோடுகளில் வடியும், ஈரத்தில் காலும் வழுக்காது.

வெட்டுக்கோட்டைக் கலவை இளகியிருக்கும்போதே கோடுகருவியால் போடலாம். அல்லது ஓரம் பெயராத அளவுக்கு இறுகியதும், பெரும்பாலும் அன்றோ மறுநாளோ, அறுக்கலாம். ஒருநாள் தாமதித்தால், விரிசல் தனக்கு வேண்டிய பாதையைத் தானே தேர்ந்துகொண்டிருக்கும்.

பிறகு நீராற்றுதல், வேலையிடத்தில் சொல்வதானால் க்யூரிங். 10 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பத்தில் குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும். ஈரச் சாக்கு, பிளாஸ்டிக் விரிப்பு, தெளிக்கும் க்யூரிங் திரவம் எதுவாயினும் சரி. மிகவும் பாதிக்கப்படுவது மேல்தோல் என்பதால், நீராற்றாமல் விட்ட குறையை நல்ல கலவையும் ஈடுசெய்யாது. ஒருமுறை உறைவதைத் தாங்க 3.5 மெகாபாஸ்கல் வலிமையாவது எட்டியிருக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் உறைந்துருகுவதைத் தாங்க அதைப்போல் பலமடங்கு வலிமையும், அதற்கு மேல் உலர்வதற்கு அவகாசமும் வேண்டும். எனவே முதல் உறைபனிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக நீராற்றல் முடிந்திருக்கும்படி நாள் குறிப்பதே பாதுகாப்பு. உறைந்த மண்ணின் மேல் எக்காரணம் கொண்டும் ஊற்றக்கூடாது. மண் இளகும்போது தளமும் இறங்கும்.

பனிக்காலத்தில் உப்புத் தூவுவது, பனியை உருக்குவதன் மூலம் தளத்தை ஈரமாகவே வைத்திருந்து உறைதல் சுழற்சிகளைக் கூட்டுகிறது. செதில் உரிவது 3 விழுக்காட்டை ஒட்டிய மெலிந்த உப்புக் கரைசலில்தான் மிகக் கடுமையாக இருக்கிறது என்பதால், கொஞ்சமாகத் தூவினால் பரவாயில்லை என்ற ஆறுதலும் இல்லை. முதல் குளிர்காலத்தில் உப்பே வேண்டாம். வழுக்காமல் இருக்க மணல் போதும். அம்மோனியம் நைட்ரேட்டோ அம்மோனியம் சல்பேட்டோ கலந்த எதையும், உரமானாலும், எக்காலத்திலும் தூவக்கூடாது. அவை கான்கிரீட்டையே வேதிமுறையில் அரிக்கும்.

தளம் போட்டு ஒரு மாதம் கழித்து, சிலேன் அல்லது சிலோக்சேன் வகைப் பூச்சு ஒன்றைப் பூசலாம். இவை மேலே படலம் கட்டாமல் உள்ளிறங்கி, வெளிநீரைத் தடுத்து, உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடுகின்றன. பளபளக்கும் படலப் பூச்சுகளைவிட நான் இவற்றையே விரும்புவேன். சில ஆண்டுகளில் இதன் வலு தேயும். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் உலர்ந்த தளத்தில் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். துளிகள் முத்துமுத்தாக நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. சில நிமிடங்களில் அந்த இடம் கறுத்துப்போனால் தளம் நீரைக் குடிக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாக உலரவிட்டு, உறைபனி வருவதற்குள் மறுபடி பூசிவிட வேண்டும்.